பன்னிரண்டு வாரத்துக்குள் ஓர் எண்: வேலூர் மாவட்டத் தாய்மார்கள் அரசு உதவிகளைத் தவறவிடாமல் பெற முழுமையான வழிகாட்டி

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு, வளைகாப்பு முடிந்த நாலாம் நாள் ஒரு பெண் வந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஏழாம் மாதம். "அக்கா, பிக்மி எண் என்றால் என்ன? ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு மாதமாக ஒரு பதிவும் இல்லை. காரணம் கேட்டேன். "மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று ஆயா சொன்னார்கள். அப்புறம் பீடிக் கட்டு முடிக்கவே நேரம் சரியாகப் போய்விட்டது" என்றாள்.

ஏழைத் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நம் மாநிலத்தில் கிடைக்கும் உதவிகள் குறைவில்லை. பணம் உண்டு, சத்துமாவு உண்டு, முட்டை உண்டு, வண்டி உண்டு. ஆனால் எல்லாம் நாள் கணக்கில் நடப்பவை. இத்தனையாவது வாரத்தில் பதிவு, இத்தனையாவது மாதத்தில் தவணை, இந்தத் தடுப்பூசிக்குப் பிறகு அடுத்த தவணை என்று ஒன்றோடு ஒன்று கோத்திருக்கிறார்கள். ஒரு கண்ணி விட்டால் அடுத்ததும் தள்ளிப்போகிறது. அதனால் இந்த வழிகாட்டியைத் திட்டங்களின் பட்டியலாக எழுதாமல், கர்ப்பம் தரித்த நாளிலிருந்து வரிசையாக எழுதியிருக்கிறேன். கர்ப்பிணியோடு அவளுடைய மாமியாரும் அம்மாவும் கணவரும் படிக்க வேண்டும்.

முதல் படி: நர்சம்மாவிடம் சொல்லுங்கள்

நாள் தள்ளிப்போனதும் முதலில் சொல்ல வேண்டியது கிராம சுகாதார செவிலியரிடம். வேலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அவர் உங்கள் விவரங்களைப் பதிந்து 12 இலக்க எண் ஒன்று தருவார். அதைத்தான் பிக்மி எண் என்கிறோம். மகப்பேறு நிதியுதவிக்கு அது வேண்டும், பிரசவத்தின்போது கேட்பார்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுவே அடிப்படை. தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்பவர்களும் இந்த எண்ணை வாங்கியாக வேண்டும்.

12 வாரத்துக்குள் பதிவு செய்வதுதான் முறை. "மூன்று மாதம் வரை சொல்லக் கூடாது" என்ற வழக்கம் நம் வீடுகளில் அழுத்தமாக இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. முதல் மாதங்களில் கரு கலைந்துவிட்டால் ஊரார் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்த பெண்களின் அனுபவத்தில் பிறந்த வழக்கம் அது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சம்மா ஒருவரிடம் சொன்னால் போதும். அவர் தெருவில் பறைசாற்றப் போவதில்லை.

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், கைபேசி எண், கடைசி மாதவிலக்கு வந்த தேதி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அந்தத் தேதி முக்கியம். நினைவில்லை என்று தோராயமாகச் சொன்னால் பிரசவத் தேதியும் பிசகிவிடும். வீட்டில் தினசரி நாட்காட்டி இருந்தால் அதில் ஒவ்வொரு மாதமும் ஒரு புள்ளி வைக்கும் பழக்கத்தைப் புது மருமகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கணவர் விட்டுப் போயிருந்தாலும், இறந்திருந்தாலும் பதிவு உண்டு. பெண்ணுக்கு வயது குறைவாக இருந்தாலும் பரிசோதனையும் சிகிச்சையும் மறுக்கப்படாது. நிதியுதவி 19 வயது நிறைந்தவர்களுக்குத்தான், ஆனால் உயிரைக் காக்கும் கவனிப்புக்கு வயது வரம்பு கிடையாது. பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

இரண்டாம் படி: வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-ல் 300 ரூபாயோடு தொடங்கியது. இன்று அது 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் பணமாகவும், மீதி 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. 2024-ல் மாற்றியமைத்தபடி, கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்து நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000 என மூன்று தவணை. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது கிடைக்கும். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துப் பணமும் இதனுள் சேர்ந்தே வருகிறது. தனியாக ஒரு விண்ணப்பம் வேண்டியதில்லை.

இந்தப் பணம் ஆதார் வழியாகத் தாயின் கணக்குக்கு நேரடியாகப் போகிறது. ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருக்கலாம், மூன்றிலும் ஆதார் எண் கொடுத்திருக்கலாம். ஆனால் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கென்று கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தார்களோ, பணம் அங்கே மட்டுமே விழும். பள்ளிக்கூட உதவித்தொகைக்காகத் தாய்வீட்டில் திறந்த கணக்கு ஒன்று, நூறு நாள் வேலைக்காகப் புகுந்த வீட்டில் திறந்த கணக்கு ஒன்று என்று நம் பெண்களிடம் இருக்கும். கையிலுள்ள புத்தகத்தில் வரவு இல்லை என்று ஒரு பெண் நான்கு மாதம் அலைந்தாள். பணம் காட்பாடியில் அவள் படித்த காலத்துக் கணக்கில் பத்திரமாக இருந்தது.

எனவே வங்கிக்குப் போய், "ஆதார் இணைந்திருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். "அரசுப் பணம் நேரடியாக வருவதற்கு இந்தக் கணக்குதான் இணைக்கப்பட்டிருக்கிறதா" என்று கேளுங்கள். கைபேசி எண் ஆதாரோடு இணைந்திருந்தால் ஆதார் இணையதளத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கே இல்லாதவர்கள் தபால்காரரிடம் கேட்டால், அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை வீட்டு வாசலிலேயே திறந்து கொடுப்பார்.

அடுத்து இனிஷியல். ஆதாரில் அப்பாவின் எழுத்து, வங்கியில் கணவரின் எழுத்து, குடும்ப அட்டையில் எழுத்தே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் எங்காவது ஓர் இடத்தில் நிறுத்திவைத்துவிடுவார்கள். என் யோசனை இதுதான்: கல்யாணம் ஆனது என்பதற்காக ஆவணங்களில் இனிஷியலை மாற்ற அவசரப்படாதீர்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருந்தால் போதும். அது அப்பாவின் எழுத்தாகவே இருக்கட்டும்.

மூன்றாம் படி: பரிசோதனை, மாத்திரை

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. மாதந்தோறும் 9-ஆம் தேதி மருத்துவரே பார்க்கும் சிறப்பு முகாமும் உண்டு. இரத்த அழுத்தம், எடை, இரத்தம், சிறுநீர், சர்க்கரைச் சோதனை, ஸ்கேன் எல்லாம் இலவசம். போகும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். வெள்ளைப் பலகை நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் மிச்சம்.

ஹீமோகுளோபின் எண்ணை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 11-க்குக் கீழ் என்றால் இரத்தசோகை, 7-க்குக் கீழ் என்றால் உடனடி ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். "மாத்திரை போட்டால் குழந்தை கறுத்துவிடும்" என்ற பேச்சில் உண்மை துளியும் இல்லை. மலம் கறுப்பாகப் போகும், அவ்வளவுதான். குமட்டல் இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை எல்லாம் நம் தோட்டத்திலும் சந்தையிலும் கிடைப்பவைதான். ஆனால் இரத்தம் குறைந்த கர்ப்பிணிக்கு உணவு மட்டும் போதாது, மாத்திரை கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: பால்வாடிப் பதிவு

சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டால் பால்வாடியிலும் பதிவாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு துறை. அங்கன்வாடி மையம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவது. 1975-ல் தொடங்கிய திட்டம். அங்கே டீச்சரிடம் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும்.

கொடுத்தால் கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதங்களிலும் சத்துமாவு கிடைக்கும். கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் சேர்ந்த மாவு அது. ஏற்கெனவே வறுத்தது என்பதால் கஞ்சியாகவோ கொழுக்கட்டையாகவோ விரைவில் செய்துவிடலாம். நேரடியாகச் சொல்கிறேன்: அந்தப் பாக்கெட் கர்ப்பிணிக்கு. வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்தால் அவளுக்கு இரண்டு கரண்டிகூட மிஞ்சாது. மாட்டுக்குக் கரைத்து ஊற்றுவதையும் நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்திருக்கிறது. மாமியார்கள் இந்த ஒன்றை மட்டும் கண்காணித்தால் பிறக்கும் பேரப்பிள்ளையின் எடையில் வித்தியாசம் தெரியும்.

ஆண்டுக்கொரு முறை நடக்கும் சமுதாய வளைகாப்புக்கும் டீச்சரே பெயர் கொடுப்பார். வீட்டில் வளைகாப்பு செய்ய வசதியில்லாத பெண் மஞ்சள் பூசி, வளையல் அடுக்கி, மாலையோடு அமர்ந்திருக்கும் காட்சியை ஒரு முறை பார்த்தவர்கள் அதைச் சடங்கு என்று ஒதுக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: தாய்வீட்டுப் பயணம்

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது நம் முறை. அணைக்கட்டில் வாழ்க்கைப்பட்டவள் பேரணாம்பட்டுக்குப் போவாள், கே.வி.குப்பத்தில் இருப்பவள் திருவண்ணாமலைப் பக்கம் போவாள். ஏழாம் மாதம் போய் குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு திரும்புவாள். உதவிகள் அறுந்துபோகும் இடம் இதுவே. புகுந்த ஊர் நர்சம்மா "தாய்வீடு போய்விட்டாள்" என்று குறித்துக்கொள்வார். தாய்வீட்டு ஊர் நர்சம்மாவுக்கு அவள் வந்ததே தெரியாது. நடுவில் சத்துமாவு நிற்கும், மாத்திரை தீரும், குழந்தையின் தடுப்பூசி தேதி தவறும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நர்சம்மாவிடமும் பால்வாடி டீச்சரிடமும் போகும் ஊரைச் சொல்லுங்கள். ஒரு மாத மாத்திரையைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தாய்வீட்டில் இறங்கிய மூன்று நாளுக்குள் அந்த ஊர்த் துணை சுகாதார நிலையத்திலும் பால்வாடியிலும் அட்டையைக் காட்டுங்கள். பிக்மி எண் மாறாது. புது எண் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண் போட்டுவிட்டால் தவணை நிதி சிக்கிக்கொள்ளும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வடக்கே ஆந்திர எல்லை. சித்தூர், பலமநேர் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் ஏராளம், இங்கிருந்து அங்கே போனவர்களும் உண்டு. ஆந்திர முகவரி ஆதாரோடு இருக்கும் மருமகளுக்குக் கல்யாணமான உடனே முகவரியை மாற்றி, இங்குள்ள குடும்ப அட்டையில் பெயர் சேர்த்துவிடுங்கள். கர்ப்பமான பிறகு தொடங்கினால் நாள் போதாது.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற ஜவ்வாது மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. நாள் நெருங்கும்போதே இறங்கி வந்து தங்கலாம். மலைப்பகுதிக் கர்ப்பிணிகளுக்குப் பிரசவ காத்திருப்பு அறை எங்கே இருக்கிறது என்று எட்டாம் மாதத்திலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: பிரசவம்

வலி எடுத்தால் 108. பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி. இரண்டும் இலவசம். 2011 முதல் நடைமுறையிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும், மருந்துக்கும் இரத்தத்துக்கும் உணவுக்கும் ஒரு பைசா வாங்கக் கூடாது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமப்புறத்தில் 700, நகர்ப்புறத்தில் 600 ரூபாய் தனியாக உண்டு. 16 பொருள்கள் அடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

சிக்கலான கர்ப்பம் என்றால் எந்த மருத்துவமனை என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

வேலூருக்கென்று தனியாக ஒரு மரபும் இருக்கிறது. பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண் முன்னே கண்டு மருத்துவம் படிக்கப் போன ஐடா ஸ்கடர், 1900-ல் இங்கே ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனை தொடங்கினார். வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியில் போய், வழியில் மரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த மருத்துவமனைதான் வளர்ந்து இன்றைய சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனது. அதன் தொடர்ச்சியாக சிஎம்சியின் சமூக நலப் பிரிவு பாகாயத்தில் இருந்தபடி கணியம்பாடி ஒன்றியத்திலும், சிஎம்சியின் கிராமப்புறச் சுகாதார மையமான ரூசா 1977 முதல் கே.வி.குப்பம் ஒன்றியத்திலும் தாய் சேய் நலப் பணி செய்கின்றன. அந்தப் பகுதியில் இருப்பவர்கள் இந்தக் கதவையும் தட்டலாம். ஆனால் அங்கே போனாலும் அரசுப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் ஆயாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்போடு செய்கிறார்கள், ஆனால் குழந்தைக்கு முதல் தடுப்பூசி போன்றது அந்த மஞ்சள் பால்தான். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை, நம் ஊர் அக்னி நட்சத்திரத்திலும் கூட.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவார்கள். தாய், தந்தை பெயரின் எழுத்துகளைப் பக்கத்தில் நின்று சரிபாருங்கள். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், 16 முதல் 24 மாதத்துக்குள் தடுப்பூசிகள். போடும் நாள் புதன்கிழமை. பேறுகாலத்துக்குப் பின்வரும் தவணைகளும் இந்த ஊசிகளோடு பிணைந்தவை. காய்ச்சல் வரும் என்று தள்ளிப்போட வேண்டாம், அந்தக் காய்ச்சல் ஒரு நாளில் தணிந்துவிடும்.

தாயின் மனத்தையும் பாருங்கள். காரணமின்றி அழுகிறாள், தூங்கவில்லை, குழந்தையைத் தொட மறுக்கிறாள் என்றால் "பச்சை உடம்புக்காரிக்குக் காற்று கறுப்பு" என்று விபூதியோடு நிறுத்திவிடாதீர்கள். சிஎம்சி மருத்துவர்கள் கிராமப்புறத் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு, பேறுகால மனச்சோர்வுக்கான காரணங்களாக வறுமையையும், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பதையும், மாமியாரோடு பிணக்கையும், கைவேலைக்கு ஆள் இல்லாததையும் சொன்னது. நான்கில் மூன்றை வீட்டிலிருப்பவர்களே மாற்ற முடியும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம்.

எட்டாம் படி: எடை

பால்வாடியில் எடை போடும் நாளில் ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். உத்தரத்தில் தராசு தொங்குகிறது. துணித் தொட்டிலில் பத்து மாதப் பையன். காலை உதைக்கிறான், முள் ஆடுகிறது. டீச்சர் அவன் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, முள் நிற்கும்வரை பொறுத்திருக்கிறார். "ஏழு கிலோ இருநூறு." அட்டையில் ஒரு புள்ளி. போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்கிறார். கோடு ஏறவில்லை, படுத்துக் கிடக்கிறது, அதுவும் மஞ்சள் பகுதியில். "பல் முளைக்கிறது டீச்சர், அதனால்தான்" என்கிறாள் தாய். டீச்சர் விடவில்லை. காலையில் என்ன கொடுத்தாய், மதியம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, காலையும் மாலையும் டீயில் நனைத்த பிஸ்கட் என்பது வெளியே வந்தது.

பச்சை நல்லது, மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. ஆனால் நிறத்தைவிடக் கோட்டின் போக்கே முக்கியம். பச்சையிலேயே இருந்தாலும் இரண்டு மாதம் கோடு ஏறாவிட்டால் காரணம் தேட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் கரண்டியிலிருந்து வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாகக் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதத்தில் ஒரு கரண்டி எண்ணெய், மசித்த முட்டை. புட்டிப்பாலும் டீயும் வயிற்றை அடைக்கும், எடையைக் கூட்டாது. சிவப்பில் விழுந்த குழந்தைக்கு 2022-ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் தனி உணவு உண்டு. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் தாய்க்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள்.

இரண்டு வயதானால் தினமும் பால்வாடிக்கு அனுப்புங்கள். சூடான மதிய உணவு, வாரம் மூன்று முட்டை, ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவக் குழுவின் பரிசோதனை. வேலைக்குப் போகும் தாய்க்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் ஷூ, தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்தால் 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு உரிமை உண்டு. கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விடுப்பு விண்ணப்பம் கொடுங்கள். பீடி சுற்றுபவர்களும் கட்டட வேலைக்காரர்களும் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கும் மகப்பேறு உதவி உண்டு. அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

மறுத்தால், தாமதித்தால்

பதிவு செய்த தேதி, தவணை நாள், யாரிடம் கேட்டோம் என்பதை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிவாருங்கள். "அப்புறம் வா" என்பவரிடம் தேதி சொல்லிக் கேட்டால் பதில் மாறும். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், பிறகு சுகாதார உதவி எண் 104, அடுத்து முதலமைச்சரின் உதவி மையம் 1100. அதிலும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கைக்குழந்தையோடு தனியாகப் போகாமல் குழுவிலிருந்து இருவர் கூடப் போங்கள்.

ஒன்று மீதி. பெண் குழந்தை மட்டும் உள்ள பெற்றோருக்கு முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் என்றால் 50,000, இரு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் அவர்கள் பெயரில் வைப்புத்தொகை, 18 வயதில் கிடைக்கும். பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றிய சமூக நல விரிவாக்க அலுவலரைப் பாருங்கள்.

வளையல் கைகளோடு வந்த அந்தப் பெண்ணுக்கு அந்த வாரமே பதிவு போட்டோம். தவறிய பரிசோதனைகளைத் திரும்பப் பெற முடியவில்லை. இரத்தம் எட்டுதான் இருந்தது, ஊசி போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டே முக்கால் கிலோவில் பெண் குழந்தை பிறந்தது. போன மாதம் அவள் தன் நாத்தனாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "ஏழு வாரம்தான் ஆகிறது அக்கா. வீட்டில் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். நர்சம்மாவிடம் சொல்லிவிட்டோம்" என்றாள். நாத்தனாரின் கையில் வங்கிப் புத்தகமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தன.